பேசும் விலங்குகளும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

விடுமுறை வந்துவிட்டால் பெற்றோர்க்கு ஒரு கவலையும் உடன் வந்துவிடுகிறது. பிள்ளைகளை எந்தத் திரைப்படத்திற்கு அழைத்துச் செல்வது என்பதே அக்கவலை. வெட்டும் குத்தும் மலிந்த படங்களைப் பாட்டி ஒருபுறமும் பேரப் பிள்ளைகள் ஒருபுறமுமாக அமர்ந்து பார்க்க இயலாது. எஞ்சியவற்றுள் குடும்பத்தோடு பார்க்கத் தக்கவை எனப் பலரும் தேர்ந்தெடுப்பவை விலங்குகள் பேசும் படங்கள். அவற்றில் கரடி அறிவுரை கூறும். பன்றி வணக்கம் சொல்லும். சிலந்தி நட்புப் பாராட்டும். இவற்றுள் சிறந்தவை பல, குழந்தைகளுக்கென எழுதப்பெற்ற நூல்களிலிருந்து எடுக்கப்பெற்றவை.

இப்படங்கள் தீங்கற்றவை என்று கூறி அமைவதோடு நம்மவர் நின்றுவிடுகின்றனர். சொந்த மண்ணை விட்டு, வேற்று மொழி வழங்கும் ஊர்களில் வாழும் நம் போன்ற குடும்பங்களுக்கு இவற்றால் விளையக்கூடிய நன்மை அதனினும் பெரிது என்பது நம் கருத்து. இக்கதைகளின் மூல நூல்களைப் புரட்டிப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். அவற்றுட் பல, மொழியைப் பற்றியே பேசுகின்றன. ஓர் உயிர் மற்றோர் உயிரின் மொழியை அறிதல், பணிவாகப் பேசுதல், எழுத்தால் ஓர் உயிரைக் காத்தல் என்பனவே அக்கதைகளின் உயிர்நாடி. நூல் படமாகும்போது அப்பகுதி சில வேளைகளில் உதிர்ந்துபோகிறது. உதிர்ந்ததை எடுத்துப் பிள்ளைகளின் கையில் கொடுப்பது எப்படி என்பதையே இக்கட்டுரையில் ஆராய விழைகிறோம்.

நாகலாபுரத்து மீன்

பேசும் விலங்கு மேனாட்டார் கண்டுபிடித்த புதுமையன்று. நாம் வாழும் நாகலாபுரத்திலேயே அதற்குச் சான்று உண்டு. ஊத்துக்கோட்டையிலிருந்து சுருட்டப்பள்ளியைக் கடந்து வருவோர், இவ்வூரின் வேதநாராயணப் பெருமாள் கோயிலைக் காண்பர். விசயநகரத்தை 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயர், தம் அன்னை நாகலாதேவியின் நினைவாக இவ்வூருக்கு நாகலாபுரம் எனப் பெயரிட்டார் என்பர். இன்று இக்கோயில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் பொறுப்பில் உள்ளது. ஆண்டுதோறும் மார்ச்சுத் திங்களில் மாலைக் கதிரவனின் ஒளி பெருமாளின் திருமேனியில் படும் மூன்று நாள்களைக் காண அயலூர் மக்கள் திரளாக வருகின்றனர்.

இங்குள்ள பெருமாள் மீன் வடிவினர். சோமகன் என்னும் அசுரன் வேதங்களைக் கவர்ந்து கடலுள் மறைத்தான் என்றும், திருமால் மீனாகிச் சென்று அவற்றை மீட்டார் என்றும் தலவரலாறு கூறுகிறது. கருதிப் பார்த்தால், களவு போனது பொன்னுமன்று, மண்ணுமன்று, சொல். அச்சொல்லை மீட்டு வந்ததற்காகவே இம்மீனுக்குக் கோயில்.

இம்மீன் பேசிய கதை பாகவதத்தில் வருகிறது. திராவிட நாட்டு மன்னன் சத்தியவிரதன் கிருதமாலை ஆற்றில் நீர்க்கடன் செய்கையில், அவன் கைந்நீரில் சிறு மீன் ஒன்று வந்து சேர்ந்தது. ஆற்றிலுள்ள பெரிய மீன்கள் தன்னை விழுங்கிவிடுமென்றும், தன்னைக் காக்க வேண்டுமென்றும் அது வாய்திறந்து வேண்டியது. மன்னன் அதனைக் கமண்டலத்தில் இட்டான், கமண்டலம் போதவில்லை. பெரிய பாத்திரத்தில் இட்டான், அதுவும் போதவில்லை. குளமும் போதாமற் போகக் கடலில் விட நேர்ந்தது. பின்னர் ஊழி வெள்ளம் எழுந்தபோது அம்மீனே மன்னனின் ஓடத்தை இழுத்துச் சென்று காத்தது. கிருதமாலை என்பது பாண்டி நாட்டு வையையே என்று உரைப்பாரும் உளர். அவ்வாறாயின், மதுரைப் பக்கத்து மன்னனிடம் அம்மீன் எம்மொழியில் பேசியிருக்கும் என்று நம் பிள்ளைகள் கேட்டால், அவ்வினா நகைப்புக்குரியதன்று.

பஞ்சதந்திரத்து நரிகளும் காளையும் சிங்கமும் இவ்வாறே பேசின. அவை பேசிய பேச்சு ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்திற்கும், எட்டாம் நூற்றாண்டில் அரபு நாட்டிற்கும் சென்று, பின்னர் ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் புகுந்தது. தமிழில் தாண்டவராய முதலியார் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதனை உரைநடையாக்கினார். 1947ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நாகி ரெட்டியாரும் சக்கரபாணியும் சென்னையில் தொடங்கிய குழந்தைகள் இதழ், தெலுங்கில் சந்தமாமா என்றும் தமிழில் அம்புலிமாமா என்றும் ஒரே காலத்தில் வெளிவந்தது. ஒரே கதையை ஒரு வீட்டுப் பிள்ளை தெலுங்கிலும் அடுத்த வீட்டுப் பிள்ளை தமிழிலும் படித்த காலம் அது. அவ்விதழ் நின்றுபோய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அது விட்டுச்சென்ற வெற்றிடத்தைத்தான் இன்று திரைப்படங்கள் நிரப்புகின்றன.

இருமொழிச் சிறுவன் எழுதிய நூல்

பேசும் விலங்குப் படங்களுள் நம் நாட்டு மண்ணில் நிகழ்வதும், மீண்டும் மீண்டும் எடுக்கப்பெற்றதும் 'ஜங்கிள் புக்'. அதன் மூல நூலை எழுதியவர் ருட்யார்ட் கிப்ளிங். அவர் 1865ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் பம்பாயில் பிறந்தவர். தாய்தந்தையர் ஆங்கிலேயர், வளர்த்தவர்களோ இந்நாட்டு ஆயாவும் ஏவலாளரும். சிறுவன் கிப்ளிங் எண்ணியதும் கனவு கண்டதும் இந்துஸ்தானியில். மாலையில் பெற்றோரிடம் அனுப்பும்போது, அங்கே ஆங்கிலத்தில் பேச வேண்டுமென்று ஏவலாளர் நினைவூட்டி அனுப்புவராம். அவனும் தன் எண்ணத்தை மனத்துள் மொழிபெயர்த்துத் தட்டுத் தடுமாறி ஆங்கிலம் பேசுவானாம். இதனைத் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் அவரே எழுதியுள்ளார். நம் வீடுகளில் நாள்தோறும் காணும் காட்சியன்றோ இது! பள்ளியிலிருந்து வந்த பிள்ளை தாத்தாவின் முன் நின்று, தெலுங்கில் எண்ணியதைத் தமிழில் சொல்லத் திணறுவதைக் காணாதார் நம்முள் யார்?

ஆறு வயது நிறைவதற்கு முன்னரே, 1871இல், கிப்ளிங்கைப் படிப்பின்பொருட்டு இங்கிலாந்துக்கு அனுப்பினர். அங்கே அயலார் வீட்டில் அவர் பட்ட துன்பம் பெரிது. 1882இல் இந்தியாவிற்குத் திரும்பி இலாகூரில் செய்தித்தாளில் பணியாற்றினார். 'ஜங்கிள் புக்' கதைகளை எழுதியபோது அவர் வாழ்ந்தது அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில். பனி பெய்யும் நாட்டில் அமர்ந்துகொண்டு, மத்தியப் பிரதேசத்துச் சிவனிக் காட்டை மனக்கண்ணால் கண்டு எழுதினார். முதல் நூல் 1894இலும் இரண்டாம் நூல் 1895இலும் வெளிவந்தன. அந்நூலில் கரடியின் பெயர் பாலு, யானையின் பெயர் ஹாத்தி. இந்தியில் அவை கரடி, யானை என்னும் பொதுச் சொற்களே. பிறந்த ஊரின் சொற்களை அவர் மறக்கவில்லை என்பதற்கு இப்பெயர்களே சான்று.

கிப்ளிங் வெள்ளையர் ஆட்சியைப் போற்றியவர். அவ்வகையில் அவர் கருத்து நமக்கு உடன்பாடன்று. வளர்ந்த பிள்ளைகளுக்கு அதனையும் மறைக்காமற் சொல்லிவிடலாம்.

மௌக்ளியைக் காத்த சொற்கள்

ஓநாய்க் கூட்டத்தில் வளரும் மனிதக் குழந்தை மௌக்ளி. அவனுக்கு ஆசிரியர் பாலு என்னும் கரடி. பாலு கற்பிக்கும் பாடங்களுள் தலையாயது காட்டுயிர்களின் மொழி. வேட்டையாடும் விலங்குகளிடம் என்ன சொல்ல வேண்டும், பறவைகளிடம் என்ன சொல்ல வேண்டும், பாம்புகளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று ஒவ்வோர் இனத்தின் மொழியிலும் அடைக்கலச் சொற்களை அது மனப்பாடம் செய்விக்கிறது. சிறுவனுக்கு இவ்வளவு பாடம் ஏன் என்று பகீரா என்னும் கருஞ்சிறுத்தை கடிந்துகொள்கிறது. அறியாமையால் அழிவதைவிட இன்று சிறிது வருந்துவது மேல் என்பது கரடியின் துணிபு.

அன்றே அப்பாடத்திற்குத் தேர்வும் வந்துவிடுகிறது. குரங்குகள் மௌக்ளியைத் தூக்கிக்கொண்டு மரக்கிளைகளின் வழியே பறக்கின்றன. வானில் வட்டமிடும் பருந்தை நோக்கி அவன் பறவை மொழியில் கூவுகிறான். பருந்து வழியைக் குறித்துக்கொண்டு பாலுவுக்கும் பகீராவுக்கும் செய்தி கொண்டுபோகிறது. பாழடைந்த நகரில் நாகங்கள் நிறைந்த மண்டபத்தில் அவன் தள்ளப்பெறும்போது பாம்பு மொழியில் பேசுகிறான். நாகங்கள் படம் தாழ்த்துகின்றன. இறுதியில் கா என்னும் மலைப்பாம்பு வந்து சுவரை உடைத்து அவனை விடுவிக்கிறது. அவன் உயிர் பிழைத்தது உடல் வலியால் அன்று. மூன்று மொழிகளில் கற்ற சில சொற்களால்.

குரங்குகளைப் பற்றிப் பாலு கூறுவதும் கருதத் தக்கது. அவற்றிற்குச் சொந்த மொழி இல்லையாம், பிறர் பேசக் கேட்ட சொற்களைத் திருடி வைத்துக்கொண்டு கத்துமாம், நினைவாற்றலும் இல்லையாம். பிற மொழிகளைக் கற்றல் வேறு. தன் மொழியைத் துறந்து பிறர் சொல்லைப் பொறுக்கித் திரிதல் வேறு. இவ்வேற்றுமையை எட்டு வயதுப் பிள்ளைக்கு நாம் சொற்பொழிவு ஆற்றி விளக்க முடியாது. இக்கதை விளக்கிவிடுகிறது.

படத்தில் உதிர்ந்தது என்ன?

இந்நூலை 1942இல் ஸோல்டன் கோர்டா படமாக்கினார். அதில் மௌக்ளியாக நடித்த சாபு, மைசூர்ப் பக்கத்து யானைப் பாகன் ஒருவரின் மகன். 1967இல் வால்ட் டிஸ்னி நிறுவனத்தார் ஓவியப் படமாக வெளியிட்டனர். டிஸ்னி 1966 டிசம்பரில் மறைந்தார்; அவர் தாமே மேற்பார்த்த இறுதி ஓவியப் படங்களுள் இது ஒன்று. 2016இல் ஜான் பாவ்ரோ மீண்டும் எடுத்தார். இப்படத்தில் மௌக்ளியாக வந்த நீல் சேத்தி என்னும் சிறுவனைத் தவிர, காடும் விலங்குகளும் கணிப்பொறியில் உருவானவை. விலங்குகளை உருவாக்கிய நிறுவனத்திற்கு அக்காலத்தில் பெங்களூரிலும் கிளை இருந்தது. அங்கிருந்தோரும் இதில் பணிபுரிந்தனர். காட்சி நுட்பத்திற்கான ஆஸ்கார் பரிசும் இப்படத்திற்குக் கிடைத்தது. இந்தியாவில் ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கு ஆகிய மொழிகளில் இது வெளியாயிற்று.

படங்கள் இனியவை, ஐயமில்லை. ஆயினும் 1967ஆம் ஆண்டுப் படத்தில் அடைக்கலச் சொற்களின் பாடம் இல்லை. பாலு அங்கே கவலையற்று ஆடிப் பாடும் தோழனாகிவிட்டது. மௌக்ளியைக் காத்த மலைப்பாம்பு அவனை விழுங்க வரும் பகையாகிவிட்டது. நூலில் குரங்குகளுக்குத் தலைவன் கிடையாது. படத்தில் லூயி என்னும் உராங்குட்டான் அரசனாக வருகிறது. இந்தியக் காட்டில் உராங்குட்டான் இல்லாமையால், 2016ஆம் ஆண்டுப் படத்தில் அதனைப் பண்டைக் காலத்தில் வாழ்ந்து அழிந்த மாபெருங் குரங்காக மாற்றினர். மலைப்பாம்போ அங்கும் பகையாகவே உள்ளது. ஆகவே படம் பார்த்த பிள்ளைக்கு விலங்குகள் பேசும் என்பது தெரியும். மொழி காக்கும் என்பது தெரியாது. அது நூலிலேதான் இருக்கிறது.

பணிவு பேசிய பன்றி

1995இல் வெளிவந்த 'பேப்' என்னும் ஆஸ்திரேலியப் படம் மற்றொரு சான்று. டிக் கிங்ஸ்மித் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1983இல் எழுதிய நூலைத் தழுவியது அது. அவர் உழவராக இருந்து பின்னர்த் தொடக்கப்பள்ளி ஆசிரியரானவர். கிறிஸ் நூனன் இயக்கிய இப்படத்தில் உண்மைப் பன்றிக்குட்டிகளே நடித்தன. அவை விரைவில் வளர்ந்துவிடுமாதலால் ஒன்றன்பின் ஒன்றாக 48 குட்டிகளைப் பழக்கிப் பயன்படுத்தினர். பொறியால் இயங்கும் பொம்மைகளையும், வாய் அசைவிற்குக் கணிப்பொறியையும் கலந்து கையாண்டனர்.

பண்ணையில் நாய் ஆடுகளை அதட்டி மேய்க்கிறது. நாய்க்கு ஆடுகள் மூடர். ஆடுகளுக்கு நாய் ஓநாய்க்கு ஒப்பு. இடையில் வந்து சேர்ந்த பன்றிக்குட்டி, ஆடுகளிடம் பணிவாக வேண்டுகிறது. ஆடுகள் வரிசையாக நடக்கின்றன. போட்டி நாளன்று வேற்றூர் ஆடுகளின் முன் நிற்கும்போது, ஆடுகளுக்குள் வழங்கும் மறைமொழி அதற்குக் கிடைக்கிறது. அதைச் சொன்னதும் அறிமுகமில்லாத ஆடுகளும் இணங்குகின்றன. வேற்றூரில் பிழைக்க வந்தோர்க்கு இதனினும் எளிய பாடம் வேண்டுமோ? அவ்வூராரின் சொல்லை அறிந்து, அதனைப் பணிவோடு சொல்ல வேண்டும். நாம் தெலுங்கைப் பழிக்காமல் கற்பதற்கும் பேசுவதற்கும் காரணம் இதுவே. நம் பிள்ளைகள் தெலுங்கில் தேர்ச்சி பெறுவது நமக்குப் பெருமையே.

எழுத்தால் காத்த சிலந்தி

பேச்சோடு கதை முடிந்துவிடுவதில்லை. ஈ. பி. வைட் என்னும் அமெரிக்கர் 1952இல் எழுதிய 'சார்லட்டின் வலை' என்னும் நூலில், கொலைக்குக் குறிக்கப்பெற்ற பன்றிக்குட்டி ஒன்றைச் சிலந்தி காக்கிறது. காக்கும் வழி எழுத்து. தொழுவத்தின் வாயிலில் பின்னிய வலையில் பன்றியைப் புகழும் சொல்லை அது எழுதிவைக்கிறது. காலையில் கண்ட மக்கள் வியக்கின்றனர். சொற்களுக்குப் பஞ்சம் ஏற்பட்டபோது, ஓர் எலி குப்பையிலிருந்து தாள் துண்டுகளையும் சவர்க்காரப் பெட்டியின் துண்டையும் கொண்டுவந்து கொடுக்கிறது. அவற்றிலுள்ள அச்செழுத்தைப் பார்த்துச் சிலந்தி அடுத்த சொல்லைப் பின்னுகிறது. இறுதியில் அது எழுதிய சொல்லுக்குப் பணிவு என்பது பொருள். பன்றி பிழைக்கிறது, சிலந்தி முட்டைகளை விட்டு மறைகிறது. 1973இல் ஓவியப் படமாகவும் 2006இல் நடிகர்களும் விலங்குகளும் தோன்றும் படமாகவும் இது வந்தது.

நம் வீட்டு நிலையை இக்கதையோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. பிள்ளைகள் தமிழ் பேசுகின்றனர். தமிழ் எழுத்து அறியார். ஊரிலிருந்து வரும் திருமண அழைப்பிதழைத் தெலுங்கு எழுத்தில் எழுதித் தரச் சொல்லும் பிள்ளையும் நம்மிடையே உண்டு. பேச்சு ஒரு தலைமுறை வாழும். எழுத்தில்லாத பேச்சு அடுத்த தலைமுறையில் அடுக்களைச் சொற்களாகச் சுருங்கும். அதற்கடுத்த தலைமுறையில் மறையும். இதுவே நாம் அஞ்சுவது.

நிலையத்தில் நின்ற கரடி

குடியேறிய குடும்பங்களுக்கே எழுதியதுபோன்ற கதை ஒன்றும் உண்டு. மைக்கேல் பாண்ட் 1958இல் எழுதிய நூலில், பெரு நாட்டிலிருந்து கப்பலேறி வந்த கரடிக்குட்டி ஒன்று இலண்டனின் பாடிங்டன் இரயில் நிலையத்தில் தனியே அமர்ந்திருக்கிறது. தன்னைப் பார்த்துக்கொள்ளுமாறு வேண்டும் சீட்டு ஒன்று அதன் கழுத்தில் தொங்குகிறது. இரண்டாம் உலகப் போரின்போது, கழுத்தில் சீட்டுடனும் கையில் சிறு பெட்டியுடனும் இரயிலில் வெளியூர்களுக்கு அனுப்பப்பெற்ற குழந்தைகளை நினைந்தே இக்கரடியைப் படைத்ததாக ஆசிரியர் கூறியுள்ளார். பால் கிங் 2014இல் இதனைப் படமாக்கினார். 2017இலும் 2024இலும் தொடர்ப் படங்கள் வந்தன. அந்நிலையத்தில் அக்கரடிக்கு இன்று வெண்கலச் சிலையும் உள்ளது.

படத்தில் கரடியின் சொந்தப் பெயர் ஓர் உறுமல். மனிதர் வாயில் அது நுழைவதில்லை. எனவே கண்டெடுத்த நிலையத்தின் பெயரையே சூட்டுகின்றனர். இரயில்வேயில் பணிபுரியும் நமக்கு, தனியே வந்திறங்கி எழுத்துத் தெரியாமல் பெயர்ப்பலகையைப் பார்த்து நிற்போரின் முகம் பழக்கமானது. ஆதலின் இக்கதை நமக்குப் பெரிதும் உவப்பானது. அக்கரடி புதிய வீட்டில் அன்பைப் பெற்ற பின்னரும் பெருவில் உள்ள தன் அத்தை லூசியை மறப்பதில்லை; அவருக்குக் கடிதம் எழுதுகிறது. ஊரில் உள்ள அத்தைக்கு நம் பிள்ளை எம்மொழியில் எழுதும்? கடிதம் எழுதும் வழக்கம் போய்விட்டது என்பார் உளர். கைப்பேசியில் ஒரு வரி எழுதினாலும் அது கடிதமே.

புலியும் புலியும், பன்றியும் பந்தியும்

படத்தை எவ்வாறு பயன்படுத்துவது என்பதற்கு வருவோம். முதலாவது, தமிழ் ஒலி உள்ள படமாயின் அதனையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். எல்லையோரத்தில் வாழும் நமக்கு இரு மொழிகளிலும் படம் கிடைக்கிறது. 2019இல் வெளிவந்த 'சிங்க அரசன்' படம் நூலைத் தழுவியதன்று, எனினும் எடுத்துக்காட்டாகும். அதில் வரும் காட்டுப்பன்றிக்குத் தெலுங்கில் பிரமானந்தமும் தமிழில் ரோபோ சங்கரும் குரல் கொடுத்தனர். ஒரே பன்றி இரு மொழியில் நகைச்சுவை பேசிற்று. இக்காலத்தில் வீட்டுத் தொலைக்காட்சியிலேயே ஒரு படத்தின் ஒலியை வேண்டிய மொழிக்கு மாற்றும் வசதி உண்டு. எளிதென்று தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ விட்டுவிடுவது நம் சோம்பலேயாகும்.

இரண்டாவது, படம் முடிந்தபின் பிள்ளை அக்கதையைப் பாட்டிக்கோ ஊரில் உள்ள அத்தைக்கோ சொல்லுமாறு செய்தல் வேண்டும். நாமறிந்த ஒரு வீட்டில் அவ்வாறு செய்தனர். சிறுவன் கரடியை எலுகுபண்டி என்றான். ஓநாயைத் தோடேலு என்றான். குரங்கைக் கோத்தி என்றான். தொலைபேசியின் மறுமுனையில் பாட்டி ஒவ்வொன்றாகத் தமிழ்ப் பெயரைக் கூற, அவன் திருப்பிச் சொன்னான். பன்றியைப் பந்தி என்றபோது பாட்டி வாய்விட்டுச் சிரித்தார். பந்தி என்றால் நாம் உட்கார்ந்து சாப்பிடும் வரிசையப்பா என்றாராம். அன்றிலிருந்து அச்சிறுவன் அச்சொல்லை மறக்கவில்லை.

மூன்றாவது, இரு மொழிச் சொற்களையும் அருகருகே வைத்துக் காட்டல் வேண்டும். புலி இரு மொழியிலும் புலியே. தமிழில் பாம்பு, தெலுங்கில் பாமு. தமிழில் எலி, தெலுங்கில் எலுக. தமிழில் சிறுத்தை, தெலுங்கில் சிருத. தமிழில் யானை, தெலுங்கில் ஏனுகு. இவை ஒரு குடும்பத்துச் சொற்கள். நரிக்கு நக்க என்பதும் சிலந்திக்குச் சாலெபுருகு என்பதும் வேறுபட்டவை. இப்பட்டியலைப் பிள்ளையே இரு எழுத்திலும் எழுதுமாறு செய்தால், விளையாட்டாகவே தமிழ் எழுத்துகளுட் பாதி கைவந்துவிடும். தெலுங்கு தமிழுக்குப் பகையன்று, உடன்பிறப்பு என்பதும் தானே விளங்கும்.

நான்காவது, நூல். படம் கண்ட ஆர்வம் தணிவதற்குள், அக்கதையின் தமிழ் நூலோ சுருக்கமோ கிடைத்தால் நாளொன்றுக்கு ஒரு பக்கம் படித்துக் காட்டல் வேண்டும். கிடைக்காவிடில் பஞ்சதந்திரக் கதை நூல் எளிதிற் கிடைக்கும். முதலில் பெற்றோர் படிக்க, பிள்ளை கேட்கலாம். பின்னர் விலங்கின் பேச்சை மட்டும் பிள்ளை படிக்கலாம். சிங்கத்தின் பேச்சைத் தான் படிப்பதாயின் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கும் பிள்ளை தயங்குவதில்லை.

மறுப்புகளுக்கு விடை

மொழிமாற்றுப் படங்களின் தமிழ் செயற்கையானது என்பர் சிலர். வாயசைவுக்குப் பொருந்தச் சொல்லைத் தேட வேண்டியிருப்பதால் சில இடங்களில் அவ்வாறு அமைவது உண்மையே. ஆயினும் பிள்ளைக்கு நட்பு, வாக்குறுதி, துணிவு, மன்னிப்பு போன்ற சொற்கள் காதில் விழ வேறு இடம் ஏது? நம் வீட்டுத் தமிழ் சோறு, குழம்பு, படி, தூங்கு என்பவற்றோடு நின்றுவிடுகிறது. காட்டின் சட்டத்தைப் பற்றிப் பேசும் ஓநாயின் தமிழ் அதனினும் விரிந்தது.

அயல்நாட்டுக் கதை நமக்கு எதற்கு என்பார் வேறு சிலர். நம் பஞ்சதந்திரம் அயல்நாடுகளுக்குச் சென்றபோது அவர்கள் அவ்வாறு வினவவில்லை. அவரவர் மொழியில் ஆக்கிக்கொண்டனர். நாமும் அவ்வாறே செய்தல் தகும்.

இரண்டு மூன்று மொழிகள் பிள்ளையைக் குழப்பும் என்று அஞ்சுவோரும் உளர். அவர்களுக்குக் கிப்ளிங்கின் இளமையே விடை. தடுமாறி மொழிபெயர்த்த அச்சிறுவன் வளர்ந்து 1907இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்றார்.

1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் எல்லைகள் மாற்றியமைக்கப்பெற்றபோது திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. நாகலாபுரம் ஆந்திரத்தில் அமைந்தது. 2022இல் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்திற்கு மாறியது. எல்லைக் கோடுகள் அரசினரால் வரையப்படுகின்றன; அவற்றின்மேல் நமக்கு ஆட்சி இல்லை. வீட்டுக்குள் எம்மொழி ஒலிக்க வேண்டும், எவ்வெழுத்தைப் பிள்ளை அறிய வேண்டும் என்பனவற்றை எந்த அரசும் வரைவதில்லை. அவற்றை வரைபவர் தாயும் தந்தையுமே.

ஆகவே அன்பர்களே, வரும் விடுமுறையில் உங்கள் பிள்ளைகளைப் பேசும் விலங்குகளின் படத்திற்குத் தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். திரும்பி வந்த அன்றிரவே ஊரில் உள்ள பெரியவர்க்குக் கதை சொல்லச் செய்யுங்கள். மறுநாள் கரடி, புலி, மீன் என மூன்று சொற்களைத் தமிழில் எழுதச் செய்யுங்கள். இழந்த சொல்லை மீட்பதற்குக் கடலுள் மூழ்க வேண்டியதில்லை. நாளுக்கு அரைமணி நேரம் போதும்.